பெட்டகத்துக்குள்ளேயே துருப்பிடித்த .303

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, மாமனார் தவறிய பிறகு அவருடைய .303 ரைஃபிள் என்னிடம் வந்தது. லைசென்ஸ் என் பெயரில் முறையாக எடுத்துவிட்டேன். வந்த நாளிலிருந்து மழையில் ஒருமுறைகூட வெளியே கொண்டுபோகவில்லை. எண்ணெய் பூசி, நல்ல உறையில் போட்டு, பெட்டகத்தில் பூட்டி வைத்தேன். தைப்பூசக் காவடி முடிந்து ஒருநாள் திறந்து பார்த்தால் குழல் மேல் செம்மண் தூவினதுபோல் துரு. நனையாத துப்பாக்கிக்கு எப்படித் துரு வரும்? இப்போது என்ன செய்வது, அடுத்த மழைக்கு முன்னால் என்ன செய்வது?”

தம்பி, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. “நல்ல உறையில் போட்டு” என்றீர்களே, அந்த உறைதான் முதல் குற்றவாளி. பூட்டிய பெட்டகம் இரண்டாவது.

டர்பனில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். மழையில் நனைந்து துருப்பிடித்து வந்தவை நான் பார்த்தவரை குறைவு. நனைத்தவர் பதறிப்போய் அன்றைக்கே துடைத்துவிடுவார். “எடுக்கவே இல்லையே” என்று நிம்மதியாக இருந்தவர்களின் துப்பாக்கிகள்தான் இங்கே கோடை மழைக்காலமான ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் மேசைக்கு வரிசைகட்டி வரும்.

துரு பிடிக்க நீர் சொட்ட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் படியும். துருவுக்கு அது போதும். அங்கே உப்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். வீட்டில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைப்பது அதற்காகத்தான். டர்பனில் கோடைக் காலைகளில் ஈரப்பதம் 80ஐச் சாதாரணமாகத் தொடும், கூடவே கடல் காற்றின் உப்பு வேறு. பொரித்த அப்பளம் எவ்வளவு நேரத்தில் நமுத்துப்போகிறது என்று பாருங்கள், அன்றைய நாள் இரும்புக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஈரமானி வாங்கும்வரை எனக்கு அப்பளம்தான் ஈரமானி.

இந்தக் காற்றைத்தான் உங்கள் உறையின் பஞ்சும் கம்பளியும் குடித்து வைத்துக்கொள்கின்றன. குடித்ததை உலோகத்தோடு ஒட்டவைத்து மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, நீங்கள் பூசிய எண்ணெயையும் அதே பஞ்சு உறிஞ்சிவிடும். உறை என்பது வீட்டிலிருந்து காட்டுக்குக் கொண்டுபோக மட்டும். பெட்டகத்துக்குள் துப்பாக்கி வெறும் உடம்போடு நிற்க வேண்டும். தோல் உறையும் அப்படித்தான். தோல் பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் இருக்கும். தோல் பெல்ட்டில் செருகிவைத்த தோட்டாக்களின் பித்தளை பச்சையாகக் களிம்பேறிக் கிடப்பதை மாமனார் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று கை. சிலருக்கு வியர்வையில் உப்பு அதிகம். எங்கள் பட்டறையில் ஒருவர் இருந்தார், அருமையான கைவேலைக்காரர். ஆனால் அவர் தொட்டு வைத்த குழலில் மறுநாள் காலை நாலு விரலும் பழுப்பாகப் பதிந்திருக்கும், ரேகைகூடத் தெரியும். கடைசியில் முதலாளி அவருக்கென்று தனியாகப் பருத்திக் கையுறை வாங்கி ஆணியில் மாட்டினார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஆளுக்கொரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்களா? அப்படியானால் உள்ளே வைக்குமுன் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்திருக்க வேண்டும்.

“கறுப்புச் சாயம் பூசிய குழல்தானே, அது காப்பாற்றாதா” என்று நிறையப் பேர் கேட்பார்கள். அது சாயம் இல்லை. அந்தக் கருநீலம் உண்மையில் கட்டுப்படுத்திய துருதான்: இரும்பின் கறுப்பு ஆக்சைடு. நுண்ணிய துளைகள் உள்ள மெல்லிய படலம். அந்தத் துளைகளில் எண்ணெய் நிற்கும்வரை காக்கும், எண்ணெய் காய்ந்தால் காக்காது. நம் தோசைக்கல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்துப் பழகிய கல் கறுப்பாகப் பளபளக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்து ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் காலையில் சிவந்திருக்கும். துருப்பிடிக்காத எஃகுக் குழல் வைத்திருப்பவர்களும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். குழலுக்குப் பயன்படும் அந்த வகை எஃகு சுலபமாகக் கடைவதற்காகக் கந்தகம் சேர்த்தது. சமையலறைக் கரண்டி அளவுக்குத் தாங்காது. மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சரி, நீங்கள் ஒருநாள் வேட்டைக்கும் போவீர்கள் என்பதால் ஒரு விஷயம். இங்கே வேட்டைக்காலம் பெரும்பாலும் குளிர்காலம், அதாவது ஜூன், ஜூலை வாக்கில், மழை இல்லாத காலம். அதனால் அப்போது துரு பயமில்லை என்று நினைக்கிறார்கள். ஜூலையில் அண்டர்பர்க் பக்கம் பிளெஸ்பொக் மானுக்குப் போகிறீர்கள், விடியற்காலை உறைபனி. இரவெல்லாம் ‘பக்கி’ என்கிற பிக்கப் வண்டியின் பின்னால் கிடந்த ரைஃபிள் 5 டிகிரியில் இருக்கிறது. அதை அடுப்பு எரிகிற அறைக்குள், ஏழெட்டுப் பேர் மூச்சுவிட்டுக்கொண்டு காபி கொதிக்கிற அறைக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? குளிர்ந்த சோடா பாட்டில் வியர்க்கிற மாதிரி வியர்க்கும். கணக்குச் சொல்கிறேன்: 20 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராக இறங்கும். வெளியே துடைத்துவிடலாம். குழலுக்குள், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டுக்குள், விசைப் பகுதிக்குள் வியர்த்ததை யார் துடைப்பது?

இங்கேதான் உறைக்கு ஒரு நல்ல வேலை. உலர்ந்த துப்பாக்கியை வெளியே குளிரிலேயே, தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு, உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடுங்கள். பிறகு உள்ளே கொண்டுபோய் இரண்டு மூன்று மணி நேரம் திறக்காதீர்கள். வியர்வை உறையின் வெளிப்புறம் படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு எடுத்துவிடுங்கள். ஆனால் துப்பாக்கி ஏற்கெனவே நனைந்திருந்தால் இதற்கு நேர்மாறு: உறையில் போடவே கூடாது, உடனே வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுத்தவர்கள் பலர்.

மழையில் நடக்கும்போது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழல் வாயில் ஒரு சின்னத் துண்டு மின்கம்பி டேப் ஒட்டிக்கொள்வார்கள், நீரும் சேறும் போகாமல் இருக்க. மெல்லிய டேப் என்பதால் சுடும்போது முன்னால் தள்ளப்படும் காற்றே அதைப் பிய்த்துவிடும். துணியோ தக்கையோ அடைக்கக் கூடாது. அதை மறந்து சுட்டால் குழல் வெடிக்கும். தோளில் வாய் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் மழை உள்ளே விழாது, ஆனால் உட்காரும்போது மண்ணில் குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். கரும்புத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கும் ஸ்டாங்கர் பக்கத்து விவசாயிகள் இதைவிட மோசமான மழையில் நிற்கிறவர்கள். அவர்களுடைய ரைஃபிள்கள் வருடக்கணக்காக நன்றாகவே இருக்கின்றன, வீட்டுக்கு வந்ததும் துடைக்கிற பழக்கத்தால்.

இப்போது உங்கள் .303. பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். வேட்டைக்காக மரத்தை வெட்டிக் குறைக்காமல் பழைய ராணுவ உருவத்திலேயே இருந்தால், குழலின் பெரும்பகுதி மரத்துக்குள் மறைந்திருக்கும். நீங்கள் பார்த்த துரு வெளியே தெரிகிற கொஞ்சம்தான். எனக்குப் பயம் மரத்துக்குள்ளே இருப்பதைப் பற்றி. ஒருமுறை ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்தார், வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது, காட்சிக் குறியை மட்டும் சரிபார்க்கச் சொன்னார். குழலைத் தாங்கும் மரமான முன்கட்டையைக் கழற்றியதும் மேசையில் பழுப்புத் தூள் மஞ்சள்தூள் மாதிரி கொட்டியது. மரம் குழலைத் தொட்ட கோட்டிலிருந்து கீழே ஒரே குழிக்குழியாக, அம்மை போட்ட முகம்போல. மேலே பாதி புதுசு, கீழே பாதி கிணற்றிலிருந்து எடுத்தது. மரம் நீரை விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவ ஆயுதப் பணியாளர்கள் மரத்துக்கடியில் வாசலின் போன்ற கனிமக் களிம்பைப் பூசி வைத்தது சும்மா இல்லை.

கழற்றும்போது ஒன்று மனதில் வையுங்கள். முதலில் முன்கட்டையைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் தோளில் பதியும் பின்கட்டை. அவசரப்பட்டுப் பின்கட்டையின் உள்ளே இருக்கும் நீள போல்ட்டை முதலில் திருகினால், பழைய மாடல்களில் அதன் சதுர முனை முன்கட்டையின் பின்புறத்தில் மாட்டியிருக்கும், முன்கட்டை பிளந்துவிடும். இப்படிப் பிளந்த கட்டைகளை ஒட்டியே நான் பாதிச் சம்பளம் வாங்கியிருப்பேன். உறுதியாகத் தெரியாவிட்டால் பின்கட்டையைத் தொடவே வேண்டாம், தேவையும் இல்லை.

துருவை எடுக்க: லேசான எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு இரவு ஊறவிடுங்கள். பிறகு நான்கு பூஜ்யம் போட்ட மிக மெல்லிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, வலிக்காமல் தேயுங்கள், அடிக்கடி துடைத்துப் பாருங்கள். கறுப்பு போகாமல் சிவப்பு மட்டும் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். உப்புத்தாள் வேண்டாம். வீட்டில் யாராவது பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமே என்பார்கள். எலுமிச்சை, வினிகர், கோலா என்று யோசனை வரும். துரு போகும், உண்மைதான். கூடவே அந்தக் கருநீலமும் சில நிமிடத்தில் போய் வெள்ளை இரும்பு பல்லிளிக்கும். அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைக்கும் வழியும் உண்டு. சிவப்புத் துரு கொதிநீரில் கறுப்பு ஆக்சைடாக மாறும். அந்தக் காலத்தில் குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்டு, வேகவைத்து, மேலே நிற்கும் கரியைத் துலக்கி, மறுபடி துருப்பிடிக்கவிட்டு, இப்படிப் பலமுறை செய்துதான் கறுப்பாக்கினார்கள். பழைய குழலைக் காப்பாற்ற இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனால் குழல் நீளத்துக்குப் பாத்திரம் வேண்டும். பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்.

மாமனார் சுட்ட தோட்டா என்ன என்பதையும் பாருங்கள். பழைய ராணுவ மிச்சத் தோட்டாப் பெட்டி எங்காவது இருந்தால் கவனம். தோட்டாவின் அடியில் தீ மூட்டும் அந்தக் கால எரியூட்டிகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சாப்பாட்டு உப்பின் ஒன்றுவிட்ட தம்பி. எண்ணெயில் கரையாது, எண்ணெய் பூசினால் அடியில் பத்திரமாக உட்கார்ந்து தின்னும். தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அன்றைய சிப்பாய்க்குப் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்: கொதிக்கக் கொதிக்க ஓரிரு லிட்டர், தோட்டா அறைப் பக்கத்திலிருந்து. சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும். அப்புறம் உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய். பின்கட்டைப் பித்தளைத் தகட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும். திறந்து பாருங்கள், மாமனாருடைய எண்ணெய்ச் சிமிழும், குழலைத் துடைக்கும் இழுகயிறும் இன்னும் உள்ளே இருந்தாலும் இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. என் கட்சி இது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுக் கெட்டியாகிப் பிசுக்காகும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்தே போகும், குளிர்காலக் காலையில் போல்ட் இறுகி நிற்கும். டபிள்யூ.டி.-40 நீரை விரட்ட நல்லது. 1953இல் அமெரிக்காவில் ஏவுகணைத் தகட்டில் ஈரம் தங்காமல் இருக்கத்தான் அதைச் செய்தார்கள். நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவி. ஆறு மாதக் காவலுக்கு அது ஆகாது, படலம் மெல்லியது. பாலிஸ்டால் 1904லிருந்து இருக்கும் ஜெர்மன் எண்ணெய். நீரோடு கலந்து பால்போல ஆகும், மரத்தையும் தோலையும் கெடுக்காது. வாசனைதான் சிலருக்குப் பிடிக்காது, என் மனைவிக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நீண்ட நாள் வைப்பதற்கு நான் நம்புவது மெழுகும் ஆட்டுரோமக் கொழுப்பான லனோலினும். வெளியுலோகத்தில் மெல்லிய மெழுகு பூசித் துணியால் தேய்த்துவிட்டால் கைபட்டாலும் அழியாது. லனோலின் மரத்துக்கடியில் இருக்கும் குழலுக்கு. எதுவானாலும் மெல்லிய பூச்சு. சொட்டச் சொட்ட ஊற்றினால் வழிந்து பின்கட்டைக்குள் இறங்கி மரத்தைப் பஞ்சாக்கும். அதற்காகவே நான் பெட்டகத்தில் வாயைக் கீழே வைத்து, ஒரு துணிமேல் நிறுத்துவேன். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியைக் குழலுக்குள் இழுத்து எண்ணெயை எடுத்துவிடுவது கட்டாயம்.

கடைசியில் பெட்டகம். சட்டப்படி அதை அசையாதபடி சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டுத்தான் வைக்க வேண்டும், பூட்டித்தான் வைக்க வேண்டும். காற்றோட்டத்துக்காகத் திறந்து வைக்க முடியாது. அதனால் எந்தச் சுவர் என்பது முக்கியம். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் ஓதம் ஏறும், பெட்டகத்தின் முதுகு குளிரும், உள்ளே வியர்க்கும். வீட்டு உட்சுவர் நல்லது. வெளிச்சுவர்தான் என்றால் இடையில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

உள்ளே ஒரு சின்ன ஈரமானி வையுங்கள், 40இலிருந்து 50க்குள் நிற்கட்டும். ரொம்ப உலர்த்தினால் மரம் வெடிக்கும். சிலிக்கா ஜெல் போடலாம், ஆனால் போட்டுவிட்டு மறந்தால் பயனில்லை. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். எங்கள் வீட்டில் கோடையில் மாதம் ஒருமுறை. கடையில் ஈரம் உறிஞ்ச விற்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைப் பெட்டகத்துக்குள் வைக்காதீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. அடியில் சேரும் அந்த நீர் கவிழ்ந்தால், உப்புக்கரைசலில் துப்பாக்கியை ஊறவைத்த கணக்கு. நான் விரும்புவது மின்சாரச் சூட்டுக்கம்பி. ஈரத்தை அது எடுப்பதில்லை, காற்றைச் சூடாக்குகிறது. 25 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்கு ஏற்றினால் அதே காற்றின் ஈரப்பதம் 56 ஆகிவிடும். லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டுதான் அதற்கு எமனாக இருந்தது. 2023இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போனபோது கம்பி குளிர்ந்து, பெட்டகம் குளிர்ந்து, உள்ளே ஈரம் ஏறியது. அதிலிருந்து கம்பியும் ஜெல்லும் இரண்டுமே வைத்திருக்கிறேன்.

வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த மழையில் சேற்றுநீர் நிரம்பிய பெட்டகங்களை நான் திறந்திருக்கிறேன். பலர் தண்ணீரைக் கண்டு பயந்து சேற்றோடேயே துடைத்து எண்ணெய் பூசியிருந்தார்கள். சேறு எண்ணெய்க்கு அடியில் அப்படியே நின்றது. முதலில் நல்ல தண்ணீரால் அலசித் தள்ளுங்கள், பயப்படாதீர்கள். பிறகு கொதிநீர், பிறகு காயவைத்தல், பிறகுதான் எண்ணெய். நனைந்த தோட்டாவைக் காயவைத்துச் சுடும் யோசனை வேண்டாம்.

உங்கள் .303ஐப் பொறுத்தவரை, குழலைச் சுத்தம் செய்த பிறகு ஒரு முனையில் விளக்குப் பிடித்து மறுமுனையிலிருந்து உள்ளே பாருங்கள். குழலுக்குள் சுழலாக ஓடும் வரிப்பள்ளங்கள் மங்கலாக, ஆனால் வழவழப்பாகத் தெரிந்தால் கவலையில்லை. தோட்டா அறைக்குப் பக்கத்தில் கருத்த குழிகள் தெரிந்தால், ஒரு பட்டறைக்காரர் அளந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். அந்த உறையை வெயிலில் நன்றாக உலர்த்தி, பெட்டகத்துக்கு வெளியே எங்காவது மாட்டிவையுங்கள்.